ஆறு சொரசொரப்பு, எட்டு வழவழப்பு

அச்சகத்தில் அவளை எல்லோரும் ரிட்டர்ன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு பெயரும் உண்டு. அது வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே யாரையோ என்று இருந்துவிடுவாள். பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் போடும் அச்சகம் அது. அங்கே எழுத்தெல்லாம் புள்ளி, படமெல்லாம் மேடு. எந்தப் படமும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்னால் அவள் விரலுக்கு அடியில் போய்வர வேண்டும். சரியாக இருந்தால் தாளின் வலது மூலையில் ஊசியால் தன் முதலெழுத்தைக் குத்தித் தள்ளிவிடுவாள். இல்லாவிட்டால் ரிட்டர்ன். பத்து போனால் ஏழு திரும்பி வரும். மேலாளரே கையில் எடுத்துக்கொண்டு வந்து, கொஞ்சம் அவசரம் அக்கா என்று குழைந்தாலும் அதே கதிதான்.

ஆறு வயதில் ஒரு காய்ச்சலில் அவளுக்குக் கண் போனது. அதைக் கேட்டு உச்சுக்கொட்டுகிறவர்கள் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். அவளுடைய மனக்குறை வேறு. அவள் படித்த காலத்தில் பார்வையில்லாத பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லித்தர மாட்டார்கள். படம் பார்க்காமல் எப்படிப் புரியும் என்று சொல்லி, அந்த வகுப்பு நேரத்தில் நாற்காலிக்குப் பிரம்பு பின்ன உட்காரவைத்துவிடுவார்கள். பின்னல் அவளுக்கு நன்றாகவே வந்தது. ஆனாலும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காந்தம், மின்சாரம் என்று பேசிக்கொண்டு போவது காதில் விழுந்தால் வயிறு எரியும்.

படத்துக்கு அச்சு செய்கிற வேலை அவள் வீட்டுக்காரருடையது. அட்டையில் நூல், உப்புத்தாள், பட்டன் என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டி ஒரு படத்தை உண்டாக்குவார். அதன்மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டுச் சூட்டு மெஷினுக்குள் தள்ளினால், தாள் இளகி, அச்சின் மேட்டையும் பள்ளத்தையும் அப்படியே வாங்கிக்கொண்டு வெளியே வரும். முதல் தாளுக்கு அவள் சரி என்றால், ஓர் அச்சில் இருநூறு, முந்நூறு தாள் எடுக்கலாம். மனிதர் முன்பு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தவர். அது மூடியதும் இங்கே வந்தார். இன்னமும் டெய்லர் என்றுதான் பெயர். வந்த புதிதில் அவர் செய்த முதல் பதினோரு அச்சையும் அவள் திருப்பி அனுப்பினாள். பன்னிரண்டாவதைக் கொண்டுவந்து நீட்டியபோது, இதுவும் திரும்பினால் வேலையை விட்டுவிடுவதாகவும், திரும்பாவிட்டால் அவளிடம் ஒரு விஷயம் கேட்கப்போவதாகவும் சொன்னார். அது தவளையின் உள்ளுறுப்புப் படம். அவள் குடல், ஈரல் எல்லாவற்றையும் சாவகாசமாகத் தடவி முடித்து, அவரைக் கொஞ்சம் தவிக்கவிட்டு, மூலையில் எழுத்தைக் குத்தினாள். அடுத்த மாதம் கல்யாணம். தவளை சேர்த்துவைத்த ஜோடி என்று அச்சகத்தில் இன்றைக்கும் கிண்டல் ஓயவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகம் முதன்முதலாக அவர்களிடம் வந்தது. அதில் கார்பனின் அணுக்கருப் படம் ஒன்று. கண்ணுள்ளவர்களின் புத்தகத்தில் ஓவியர் அதைச் சிவப்பும் நீலமுமாக ஓர் உருண்டைக் குவியலாகப் போட்டிருந்தார். முன்னால் இருக்கும் உருண்டை தெரியும், பின்னால் இருப்பது மறைந்துகொள்ளும். பார்க்கிறவர்கள் யாரும் எண்ணப்போவதில்லை; அழகாக இருக்கிறது என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். டெய்லரும் சிவப்புப் புரோட்டானுக்குப் பெரிய பட்டன், நீல நியூட்ரானுக்குச் சின்னப் பட்டன் என்று கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் ஒட்டி அனுப்பினார். விரல் அப்படிப் போகவிடுமா? ஒவ்வொன்றாக எண்ணியது. படம் ரிட்டர்ன்.

"இது கார்பன் இல்லங்க, போரான்" என்றாள்.

தலைப்பில் கார்பன் என்றுதான் போட்டிருக்கிறது என்று அவர் அடித்துச் சொன்னார். தலைப்பு ஆயிரம் சொல்லும், புரோட்டான் அஞ்சுதான் இருக்கிறது, அஞ்சு இருந்தால் அது போரான் என்று பாடத்திலேயே இருக்கிறது என்று இவள் நின்றாள். விஷயம் மேலாளர் வரைக்கும் போனது. அவர் கடைசிப் பக்கத்து அட்டவணையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அஞ்சு புரோட்டான், ஆறு நியூட்ரான், ஆமாம் போரான்தான் என்று ஒப்புக்கொண்டு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு டெய்லர் ஒரு வழி கண்டுபிடித்தார். உப்புத்தாளைச் சின்ன வட்டமாக வெட்டி ஒட்டினால் அது புரோட்டான். தொட்டால் சொரசொரவென்று இருக்கும். காலர் பட்டனைக் குப்புறப் போட்டு ஒட்டினால் நியூட்ரான், வழவழவென்று இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் எல்லாவற்றையும் ஒரு வட்டத்துக்குள் பரப்பிவிட்டார். எலக்ட்ரான்கள் எங்கோ தூரத்தில் சுற்றுகிறவை, எடையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அவற்றை இந்தப் படத்தில் சேர்க்கவில்லை.

சொரசொரப்பை எண்ணினால் பெயர் தெரியும். ஆறு என்றால் கார்பன், ஏழு என்றால் நைட்ரஜன், அதில் பேச்சுக்கே இடமில்லை. இரண்டையும் சேர்த்து எண்ணினால் எடை தெரியும். ஆறும் ஆறும் பன்னிரண்டு, அது கார்பன்-12. வழவழப்பு ஒன்று கூடினால் கார்பன்-13. இன்னும் ஒன்று கூடினால் கார்பன்-14. மூன்றும் கார்பன்தான். எரிவதிலும் மற்றதோடு சேர்வதிலும் ஒன்றுபோலத்தான் நடந்துகொள்ளும். எடை மட்டும் வேறு. இப்படிப் பெயர் ஒன்றாகவும் எடை வேறாகவும் இருப்பவற்றைத்தான் ஐசோடோப் என்கிறார்கள். நாற்பத்தாறு வயதில் முதன்முதலாக ஓர் அணுக்கருவைத் தொட்டவளுக்கு இது தலைகால் புரியாத சந்தோஷத்தைக் கொடுத்தது. சூட்டு மெஷினை ஓட்டும் மெஷின்காரம்மாவைப் பிடித்துவைத்துக்கொண்டு விளக்கினாள். புரோட்டான்கள் எல்லாம் ஒரே மின்சாரம், ஒன்றுக்கொன்று ஆகாது, தள்ளிக்கொண்டே இருக்கும். நியூட்ரானுக்கு மின்சாரமே கிடையாது, யாரையும் தள்ளாது, பக்கத்தில் இருப்பவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ள மட்டும் தெரியும். சண்டைக்காரக் குடும்பத்தில் சாதுவாக ஒரு சித்தி இருப்பாளே, அவள் மாதிரி என்றாள். மெஷின்காரம்மா பெருமூச்சு விட்டு, தன் மாமியார் வீட்டில் அப்படி ஒருத்திகூட இல்லாமல் போய்விட்டாளே என்றாள்.

பெயரும் குணமும் ஒன்றாக இருந்தால், இது பதிமூன்று, இது பதினான்கு என்று எப்படித்தான் பிரிப்பார்கள்? அதற்கும் அடுத்த தாளில் விடை இருந்தது. அணுக்களுக்கு மின்சாரம் ஏற்றி, வேகமாக ஓடவிட்டு, காந்தத்துக்கு நடுவே அனுப்புகிறார்கள். லேசானது அதிகமாக வளைந்து போகும், கனமானது கொஞ்சமாகத்தான் வளையும். எது எங்கே போய் விழுகிறது என்று பார்த்தால் எடை தெரிந்துவிடும். டெய்லர் மூன்று நூலை ஒரே இடத்தில் தொடங்கி மூன்று விதமாக வளைத்து ஒட்டியிருந்தார். அந்தத் தாளை அன்றைக்கு அவள் நாலு தரம் தடவினாள். பிரம்பு பின்னிய நேரத்தில் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று கோபமும் வந்தது.

இதெல்லாம் நல்ல காலத்துக் கதை. போன வருஷக் கடைசியில் அவள் விரல் நுனியில் எறும்பு ஊரத் தொடங்கியது. அவளுக்கு ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. முதலில் காலில் இருந்த மரமரப்பு, மெதுவாகக் கைக்கு வந்தது. எறும்பு போய், விரலுக்கு மெல்லிய துணியைச் சுற்றிவிட்டது போல ஆனது. துணி நாளுக்கு நாள் தடித்தது. வயிற்று உபாதை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுத் தனியாக டாக்டரிடம் போனாள். அவர் நரம்பு விஷயம் என்றார். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேலும் போகாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது திரும்புமா என்பதைச் சொல்ல முடியாது என்றார். டாக்டர்கள் எப்போதும் இப்படித்தான், பாதியை நம் தலையில் கட்டிவிடுவார்கள்.

கண் போனபோது அவளுக்கு ஆறு வயது, என்ன போகிறது என்றே தெரியாது. இது போகும்போது ஐம்பது வயது, எல்லாம் தெரிந்தது. விரல் போனால் வேலை போகும் என்பது ஒரு பக்கம். படிப்பது போகும், எழுத்து போகும், தன் கையால் ஒன்றைச் சரிபார்த்து இது சரி, இது தப்பு என்று தலை நிமிர்ந்து சொல்வது போகும். இன்னொரு இருட்டுக்குள் யாரோ பிடித்துத் தள்ளுகிறாற்போல இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. டெய்லரிடம் சொன்னால் மனிதர் உடைந்துபோவார். மேலாளரிடம் சொன்னால் அன்றோடு சரி. அச்சகத்தில் எழுத்துப் பக்கங்களைச் சரிபார்க்க வேறு ஆட்கள் இருந்தார்கள், படத்தைப் பார்க்க அவள் ஒருத்திதான். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த கதைப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ரேடியோ கேட்கத் தொடங்கினாள். ஏன் படிப்பதில்லை என்று கேட்டதற்கு, கதை சுவாரசியமாக இல்லை என்று அந்த எழுத்தாளர் தலையில் பழியைப் போட்டாள்.

அச்சகத்தில் எப்படியோ ஓடியது. இலை, முக்கோணம், ஆறு ஓடும் வரைபடம் எல்லாம் கோடுதான். இத்தனை வருஷப் பழக்கத்தில் சமாளித்தாள். அப்போதுதான் விஞ்ஞானப் புத்தகத்தின் புதிய பதிப்பு வருகிறது, பழைய அச்சுகள் சூட்டில் நைந்துபோனதால் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும் என்று மேலாளர் அறிவித்தார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கோட்டைச் சமாளிக்கலாம். சொரசொரப்பையும் வழவழப்பையும் எதை வைத்துச் சமாளிப்பது?

கார்பன் தாள்கள் அவள் மேஜைக்கு வந்த நாளில் கையெல்லாம் வியர்த்தது. துடைத்துக்கொண்டு விரலை வைத்தாள். தெரிந்தது! சொரசொரப்பு தனியாக, வழவழப்பு தனியாக, நன்றாகத் தெரிந்தது. வட்டங்கள் முன்பைவிடப் பெரிதாக இருந்தன. ஒரு தாளுக்கு ஒரு படம்தான் இருந்தது. புதிய பதிப்பில் படங்களைப் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று டெய்லர் முன்பே சொல்லியிருந்தார். அவள் அதை நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு மனசில்லை. பதினான்கைத் திரும்பத் திரும்ப எண்ணினாள். ஆறு சொரசொரப்பு, எட்டு வழவழப்பு. மூன்று தாளிலும் மூலையில் எழுத்தைக் குத்திவிட்டு, அந்த வாரம் முழுக்க வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தாள். டாக்டர் சொன்னது பாதி பொய் என்று முடிவு கட்டினாள்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஒரு மாணவி பிரெய்லில் எழுதியது, ஆசிரியை அதைப் பார்வையுள்ளவர்கள் எழுத்திலும் எழுதி இணைத்திருந்தார். மேலாளர் வாசித்தார்.

"தலைப்பில் கார்பன்-14 என்று இருக்கிறது. என் விரலுக்குப் பதிமூன்றுதான் கிடைக்கிறது. மூன்று நாளாக எண்ணிப் பார்க்கிறேன். என் விரலில் ஏதாவது கோளாறா?"

ஒழுங்காக எண்ணு என்று தானும் இரண்டு தரம் அந்தப் பெண்ணைத் திட்டிவிட்டதாகவும், பிறகு தானே எண்ணிப் பார்த்தபோது நியூட்ரான் ஏழுதான் இருந்தது என்றும் ஆசிரியை அடியில் எழுதியிருந்தார். இருநூற்று முப்பது தாள் பள்ளிக்கூடங்களுக்குப் போயிருந்தது. மேலாளர் சத்தம் போடவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உங்கள் எழுத்து விழுந்த பிறகுதானே அக்கா இது போனது, எப்படி விட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். இருபத்து நாலு வருஷத்தில் அவளைப் பார்த்து யாரும் கேட்காத கேள்வி அது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தாளை வாங்கிக்கொண்டு, பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள்.

கோப்பு அறையில் அவள் எழுத்துக் குத்திய முதல் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருப்பார்கள். தடவித் தடவித் தன் கார்பன்-14 தாளை எடுத்தாள். விரலை வைத்தாள். ஆறு, எட்டு. சந்தேகமே இல்லை. அப்புறம் பள்ளிக்கூடத்துத் தாளைப் பக்கத்தில் வைத்துத் தடவினாள். ஒன்றும் தெரியவில்லை. எங்கோ ஒரு மேடு இருப்பது போல இருந்தது, அவ்வளவுதான். எது புரோட்டான், எது நியூட்ரான், எங்கே ஒன்று முடிந்து எங்கே இன்னொன்று தொடங்குகிறது என்று ஒரு மண்ணும் புரியவில்லை. நகத்தால் விளிம்பை அளந்து பார்த்தாள். இந்த வட்டம் அவள் தாளிலிருந்த வட்டத்தில் பாதிகூட இல்லை. இரண்டும் ஒரே அச்சில் எடுத்த தாள் இல்லை.

மெஷின்காரம்மாவைக் கூப்பிட்டாள். அவள் டெய்லர் அண்ணன் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால்தான் வாயை மூடிக்கொண்டிருந்ததாகச் சொல்லி அழுதுவிட்டாள். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு அச்சு. அக்காவுக்குப் பெரிசாக ஒன்று, பிள்ளைகளுக்குச் சின்னதாக ஒன்று.

மேலாளரிடம் காலையில் பதில் சொல்வதாகக் கேட்டுக்கொண்டு, இரண்டு தாளையும் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் டெய்லர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கடிதம் வந்த விஷயம் அச்சகம் முழுக்கத் தெரிந்திருந்தது, அவருக்கும் தெரியும். என்னென்னவோ பேசிப்பார்த்தார். அவள் வாயே திறக்கவில்லை. அவள் திட்டினால் பிழைத்துக்கொள்ளலாம், பேசாமல் இருந்தால்தான் ஆபத்து என்பது அவருக்குப் பதினைந்து வருஷப் பாடம்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"எத்தனை நாளா ரெண்டு அச்சு?"

"ஆறு மாசமா" என்றார்.

அப்புறம் எல்லாம் தானாக வந்தது. அவளுக்கு மட்டும் கோட்டுச் சட்டைப் பட்டனும் முரட்டு உப்புத்தாளும் வைத்துப் பெரிதாகச் செய்திருக்கிறார். பிள்ளைகளுக்குப் போகிற சின்ன அச்சைத் தானே கண்ணால் எண்ணிப் பார்த்திருக்கிறார். கார்பன்-14 அச்சை மெஷினுக்குக் கொண்டுபோகும் வழியில் ஒரு பட்டன் கழன்று விழுந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்துத் தரையில் கிடந்ததைப் பார்த்து, உதிரி என்று நினைத்து டப்பாவில் போட்டுவிட்டார். எண்ணிப் பார்க்கத்தான் யாரும் இல்லையே. உனக்கு இந்த வேலை போய்விடக் கூடாது என்றுதான் செய்தேன் என்றார்.

வேறு நாளாக இருந்தால் அவள் மனசு இளகியிருக்கும். இன்றைக்கு எரிந்தது.

"அந்தப் பொண்ணு மூணு நாளா எண்ணியிருக்கா. என் விரல்ல கோளாறான்னு கேட்டிருக்கா. அந்தக் கேள்வி உள்ளுக்குள்ள எப்படி அறுக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். ஆறு மாசமா அதைத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன். நல்லா இருக்கிற விரலையும் சந்தேகப்பட வெச்சுட்டோமே, ரெண்டு பேரும் சேர்ந்து!"

விரல் போய்விட்டது என்பதை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டார், தட்டிவிட்டாள். பள்ளிக்கூடத்துத் தாளை இழுத்துப் பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். மணிக்கட்டை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அப்படியே மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். வெட்கமில்லாமல், சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள்.

அழுகை கொஞ்சம் ஓய்ந்து மூச்சு விடும்போது கீழுதட்டில் என்னவோ உறுத்தியது. முகம் தாளின்மேல் இருந்தது. உதட்டை லேசாக நகர்த்தினாள். சொரசொரவென்று ஒரு புள்ளி. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். வழவழவென்று ஒன்று, அதன் விளிம்புகூடத் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

என்ன ஆச்சு, என்ன பண்றே என்று டெய்லர் பதறினார்.

"பேசாதீங்க. எண்ணிக்கிட்டிருக்கேன்."

இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, ஒன்றையும் விடாமல் போனாள். கண்ணீரில் தாள் வழுக்கியது; துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஆறு சொரசொரப்பு. ஏழு வழவழப்பு. நிமிர்ந்து, அந்தப் பொண்ணு சொன்னது சரிதான், பதிமூணு என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டெய்லர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் இருவருமாக மேலாளர் அறைக்குப் போனார்கள். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. விரல் போனதையும், ஆறு மாதமாக மறைத்ததையும், இரண்டு அச்சையும் சொன்னாள். மேலாளருக்கு முதலில் டெய்லர்மேல்தான் ஆத்திரம் வந்தது. அன்பு காட்ட வீட்டில் இடமில்லையா, பிள்ளைகள் புத்தகத்தில்தான் காட்ட வேண்டுமா என்று வறுத்தெடுத்துவிட்டார். டெய்லர் தலையைக் குனிந்தபடி நின்றார். அதற்கப்புறம் மேலாளர் அவள் பக்கம் திரும்பி, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தயங்கினார். அவளே கேட்டாள். பழைய பதிப்பின் சின்னத் தாள்கள் கோப்பில் இருக்கும், கலைத்துப்போட்டுத் தலைப்பை மறைத்துக் கொடுங்கள், தப்பாகச் சொன்னால் இன்றைக்கே நின்றுவிடுகிறேன் என்றாள்.

நாலு தாள் வந்தது. மெஷின்காரம்மா வாசலில் நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னும் ரெண்டு மூன்று பேர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. இத்தனை பேருக்கு முன்னால் பிளாஸ்டிக் தாளை வாயில் வைத்துக்கொள்வது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இருபத்து நாலு வருஷமாக அடுத்தவர் செய்ததைத் திருப்பி அனுப்பியவள் இப்போது தானே திருப்பி அனுப்பப்படுவதற்குக் காத்திருந்தாள். முதல் தாளை எடுத்து முகத்துக்குக் கொண்டுபோனாள். கார்பன்-12 என்றாள். அடுத்தது கார்பன்-14. மூன்றாவது பதிமூன்று. நாலாவதை வெகு நேரம் வைத்திருந்தாள். முடித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். டெய்லரின் மூச்சு நின்றுபோனது அவளுக்குக் கேட்டது.

"எடை பதினாலுதான். ஆனா இது கார்பன் இல்ல சார். சொரசொரப்பு ஏழு, வழவழப்பு ஏழு. இது நைட்ரஜன்."

வாசலில் மெஷின்காரம்மா கை தட்டிவிட்டு, தட்டியது தப்போ என்று நிறுத்திக்கொண்டாள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இருநூற்று முப்பது தாளையும் திரும்ப வாங்கிப் புதிதாக அனுப்பச் சொன்னார். அவளுக்குச் சன்னல் ஓரமாக ஒரு தனி இடமும், ஒவ்வொரு தாளையும் துடைக்க மருந்துத் தண்ணீரும் பஞ்சும் தரச் சொன்னார். இனிமேல் ஒரு படத்துக்கு ஓர் அச்சுதான் என்று டெய்லரிடம் கடுமையாகச் சொல்லிவிட்டு, அந்த மாணவிக்கு என்ன பதில் எழுதலாம் என்று அவளிடமே கேட்டார். அவள் யோசிக்கவில்லை. தானே பிரெய்ல் பலகையை எடுத்து ஒவ்வொரு புள்ளியாகக் குத்தினாள். உன் விரலில் கோளாறு இல்லை, கோளாறு எங்களுடையது, அது பதிமூன்றுதான், மூன்று நாள் விடாமல் எண்ணினாய் பார், அப்படியே இரு என்று எழுதினாள். எழுதியதை உதட்டால் ஒரு தரம் வாசித்துவிட்டு உறையில் போட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. கோபத்தில் கேட்க மறந்துபோன கேள்வி. தான் யாரிடமும் சொல்லவில்லை, டாக்டரிடம் போனதும் இவருக்குத் தெரியாது.

"என் விரல் போச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் தண்ணீர் குடித்தார். தம்ளரைக் கழுவி வைத்தார். கழுவிய தம்ளரை மறுபடி கழுவினார்.

"ஒரு ஞாயித்துக்கிழமை. நான் நாலு நாளா சவரம் பண்ணல. நீ பக்கத்துல வந்து என் கன்னத்தைத் தடவிட்டு, இன்னிக்கு நல்லா வழவழன்னு பண்ணியிருக்கீங்களேன்னு சொன்ன. சிரிச்சுக்கிட்டே சொன்ன. நான் ஆமான்னுட்டேன்."

அவளுக்கு அந்த நாள் நினைவில்லை. தினமும்தானே அந்தக் கன்னத்தைத் தொடுகிறாள். தொட்டுத் தொட்டு, தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அவரும் ஆறு மாதமாக ஆமாம், ஆமாம் என்றே நின்றிருக்கிறார். இங்கே வாங்க என்றாள். வந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, எக்கி, கீழுதட்டை அவர் கன்னத்தில் வைத்தாள். முள் முள்ளாகக் குத்தியது. காதோரத்திலிருந்து தாடை வரைக்கும் மெதுவாக, ஓரிடம் விடாமல் வந்தாள்.

"இன்னிக்கும் பண்ணலையா?"

"இல்ல. நாளைக்குக் காலைல பண்ணிடறேன்."

"வேண்டாம்" என்றாள். "ரெண்டு நாளைக்கு அப்படியே இருக்கட்டும்."